எட்டடிக் குடில்

நாமக்கல் மாவட்டத்தில் மேகம் தவழும் முடியோடு நெடிதுயர்ந்து நிற்பது கொல்லிமலை. கடல் மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரையிலான உயரத்தில் பரந்து கிடக்கும் இம்மலை, சங்கப் புலவர் பாடிய பழஞ்சிறப்பு உடையது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இதுவே. அவனுடைய வில்லாற்றலையும், வந்தவர்க்கு வரையாது வழங்கிய வண்மையையும் வன்பரணர் பாடிய பாடல்களைப் புறநானூற்றில் காணலாம். பலாவும் தேனும் மலிந்த மலைக்குத் தலைவனாகிய அவன், பெற்ற வளத்தையெல்லாம் தனக்கெனவே பூட்டி வைத்திருப்பின் அவன் பெயரை இன்று அறிவார் எவரும் இரார். கொடுத்தான், ஆதலின் நிலைத்தான்.

கொடையாற் சிறந்த ஓரியின் மலையில், இருபதாம் நூற்றாண்டில், வேறொரு வகையாற் சிறந்த குடும்பம் ஒன்று வாழ்ந்தது. வாரி வழங்குதற்குரிய பெருஞ்செல்வம் அக்குடும்பத்தாரிடம் இல்லை. அவர்கள் குறைந்த பொருளோடு வாழக் கற்றனர். வேண்டாத செலவைச் சுருக்கினர். சுருக்கியதனால் மிஞ்சிய பொருளையும் பொழுதையும் உழைப்பையும் பிறர்க்கு ஆக்கினர். ஓரியின் கொடையும் இக்குடும்பத்தாரின் சுருக்கமும் புறத்தே வேறுபட்டுத் தோன்றினும், இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவையே. அதனை விளக்குவதே அவர்களுடைய வரலாறு.

‘பொருள்’ என்னும் தமிழ்ச் சொல் செல்வத்தையும் குறிக்கும், பண்டத்தையும் குறிக்கும், சொல்லின் கருத்தையும் குறிக்கும். பயன் தரும் பண்டமே உண்மையில் பொருளுடைய பண்டம். பயனின்றி வீட்டின் மூலையில் கிடந்து தூசு படியும் பண்டம், பொருளற்ற சொல்லைப் போன்றது. இடத்தை அடைக்குமேயன்றி எதனையும் உணர்த்தாது. இல்லறம் நடத்துவார்க்குப் பொருள் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எது பொருளுடையது, எது பொருளற்றது எனப் பகுத்தறிதல் வேண்டும். வரவு சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாதவரை தீங்கு இல்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் அமைத்துள்ளார். படைவலியைப் பற்றிப் பேசும் இடத்தில் செலவைப் பற்றிப் பேசுவானேன்? தன் அளவை அறிந்து செலவிடுதலும் ஒரு வலிமையே என்பதனால் அன்றோ!

இங்கிலாந்து நாட்டிலுள்ள கில்ட்ஃபோர்டு நகரில், கட்டட வேலையைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். அவர் 1907ஆம் ஆண்டில் கிறித்தவத் தொண்டராகத் தமிழகம் வந்தார். நாமக்கல்லுக்கு அண்மையிலுள்ள சேந்தமங்கலத்தில் தங்கியிருந்த காலத்தில், எதிரே எழுந்து நின்ற கொல்லிமலை அவர் கருத்தைக் கவர்ந்தது. காய்ச்சலுக்கு அஞ்சி வெளியார் ஏறத் தயங்கிய மலை அது. அங்கு வாழ்ந்த மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்கு மருத்துவ வசதி இல்லை, பள்ளி இல்லை. அவர்களிடையே வாழ்ந்து பணியாற்ற ஜெஸ்ஸி உறுதி பூண்டார்.

அவருக்கு வாழ்க்கைத் துணையாக வாய்த்தவர் எவ்லின் அம்மையார். இவர் 1879ஆம் ஆண்டில் இலண்டனில், வசதி படைத்த வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். உடன்பிறந்தார் பலர் சூழ, உயர்ந்த உடையும் நிறைந்த பண்டமும் உடைய பெருமனையில் வளர்ந்தவர். ஓவியக் கலையை முறையாகப் பயின்றவர். அத்தகைய அம்மையார் 1913ஆம் ஆண்டில் ஜெஸ்ஸியை மணந்து, கொல்லிமலைக்குக் குடியேறினார். அவர்கள் தங்கிய பகுதியின் பெயர் வாழவந்தி நாடு. வாழ வந்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்!

இந்நாளில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மலையேறுகிறது. அந்நாளில் அத்தகைய சாலை இல்லை. கல்லும் முள்ளும் செறிந்த காட்டுப் பாதையே உண்டு. மனிதர் நடந்தோ, டோலியில் அமர்ந்தோ ஏறுதல் வேண்டும். உப்பும் மருந்தும், பாத்திரமும் படுக்கையும், புத்தகமும் கருவியும் ஆகிய யாவும் சுமையாளரின் தலையிலும் தோளிலும் ஏறி வருதல் வேண்டும்.

சந்தையில் நிற்பவன் கண்ணுக்குப் பண்டத்தின் விலை தெரியும். மலையடிவாரத்தில் நிற்பவன் கண்ணுக்கோ அதன் சுமை தெரியும். வண்டியில் வந்து வாயிற்படியில் இறங்கும் பண்டம், எவர் உழைப்பால் வந்தது என்பதை நமக்குச் சொல்வதில்லை. செங்குத்தான பாதையில் மூச்சு வாங்க ஒருவர் சுமந்து வந்து இறக்கும் பண்டமோ, அவர் நெற்றி வியர்வையால் அதனைச் சொல்லிவிடுகிறது. ‘இது நமக்கு உண்மையிலேயே வேண்டுமா? இதனைச் சுமக்கப் போகிறவர் யார்?’ என்று கேட்கச் செய்வது மலை. சமவெளியில் வாழ்வோர் இக்கேள்வியை மறந்துவிடுவது எளிது. மலையில் வாழ்வோர் மறக்க இயலாது.

ஜெஸ்ஸி கட்டட வேலை கற்றவர் ஆதலின், தம் குடும்பத்திற்கு மரத்தால் ஒரு வீடு அமைத்தார். அவ்வீடு தூண்களின் மேல் தரையினின்று உயர்ந்து நின்றது. தூணின் தலைதோறும் கவிழ்த்த சட்டியைப் போன்ற தகடு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. ஏன்? தூண் வழியே ஏறிவரும் கறையான் தகட்டைக் கடந்து மரத்தை அடைய இயலாது. சிக்கனத்தின் இலக்கணத்தை அத்தகடு நன்கு உணர்த்துகிறது. ஒரு தகட்டின் செலவை மிச்சப்படுத்த எண்ணியிருந்தால், வீடு முழுவதும் கறையானுக்கு இரையாகியிருக்கும். வேண்டாத செலவை நீக்குதல் சிக்கனம். வேண்டிய செலவையும் நீக்குதல் அறியாமை. இவ்விரண்டையும் வேறு பிரித்து உணராதவர், சேர்க்கிறோம் என்று எண்ணிக்கொண்டே இழப்பர்.

அவர்களுக்கு 1914ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பால் என்னும் மகன் பிறந்தான். சில ஆண்டுகளுக்குப் பின் கோனி என்னும் மகள் பிறந்தாள். மேசையும் நாற்காலியும் வரிசையாக அமைந்த பள்ளிக்கூடம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அன்னையே ஆசிரியை. மரக்கிளையே வகுப்பறை. சிறுவன் பால் மரத்தின் மேல் ஏறி அமர்ந்து பாடம் எழுதுவான். எழுதி முடித்த தாளைக் கயிற்றில் கட்டி இறக்குவான். அன்னையார் கீழிருந்து திருத்துவார். தந்தையோ கறையான் புற்றையும், பறவைக் கூட்டையும், மரப்பட்டையையும் காட்டி, இயற்கையையே பாடநூலாக விரிப்பார். விளையாட்டுப் பொருள் நிறைந்த அறை அவர்களுக்கு இல்லை. விளையாடுவதற்கு ஒரு மலையே இருந்தது.

இவ்வாறு சுருங்கிய இல்லத்திலிருந்து விரிந்த பணி சிறிதன்று. ஜெஸ்ஸி ஊர் ஊராக நடந்து நோயாளிகளுக்கு மருந்து தந்தார். மக்களுக்குத் தச்சு வேலை கற்பித்தார். பயிர்த்தொழிலுக்கும் பட்டுப்புழு வளர்ப்புக்கும் வழிகாட்டினார். நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோய் அக்காலத்தில் மலைமக்களை வாட்டியது. நீர்நிலையில் இறங்கி மக்கள் கால் நனைப்பதாலும், அந்நீரையே பருகுவதாலும் அந்நோய் பரவுகிறது. எனவே கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, எவரும் நீரில் இறங்காதவாறு காக்கும் முறையை அவர் பரப்பினார். பின்னாளில் நாடு முழுவதும் மேற்கொள்ளப்பட்ட முயற்சியால், 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது.

பிராண்ட் குடும்பத்தார் மலைமக்களுக்குக் கற்பித்தது மட்டுமன்று. மலைமக்களிடம் கற்றதும் உண்டு. பால் தம் முதுமையில், ‘ஒரு பிடி சேறு’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய கட்டுரையில் தம் இளமை நிகழ்ச்சி ஒன்றைக் கூறியுள்ளார். ஒருநாள் பாலும் மலைச் சிறுவர் சிலரும் படிக்கட்டுப் போல் அமைந்த நெல்வயலில் இறங்கித் தவளை பிடித்து விளையாடினர். வயல் கலங்கிச் சேறானது. அதைக் கண்ட முதியவர் ஒருவர் அங்கு வந்தார். வயல்களைக் காக்கும் பொறுப்புடைய அவரைக் கண்டதும் சிறுவர் அஞ்சி நின்றனர். அவர் எவரையும் அடிக்கவில்லை. குனிந்து ஒரு கைச் சேற்றை அள்ளி, இஃது என்ன என்று வினவினார். சேறு என்றனர் சிறுவர். இது யாருடைய சேறு என்று மீண்டும் வினவினார்.

பின்னர் அவர் விளக்கினார். அந்த ஒரு பிடி சேறு ஆண்டுதோறும் நெல் தருவது. முன்னோர்க்கு உணவு தந்தது. பிறக்கப் போகும் குழந்தைகளுக்கும் உணவு தர வேண்டியது. கலங்கிய நீர் வரப்பைத் தாண்டிக் கீழே ஓடுகையில் சேறும் உடன் ஓடுகிறது. ஓடிய சேறு மீண்டும் மேலே ஏறி வருவதில்லை. வரப்பின் மீது கலங்கல் நீர் வழிவதைக் கண்டால் அந்த மலை தன் உயிரை இழக்கிறது என்று அறிதல் வேண்டும். இவ்வாறு கூறி முதியவர் சென்றார். உலகின் பல நாடுகளைக் கண்ட பின்னும், மண்ணைக் காப்பது பற்றித் தாம் கற்ற முதற்பாடம் அதுவே என்று பால் நினைவுகூர்ந்தார்.

நம்முடையது என்று நாம் எண்ணும் பொருளில் நமக்குப் பின் வருவோர்க்கும் உரிமை உண்டு. இதனை அம்முதியவர் எந்நூலிலும் படித்தறியவில்லை. வரப்பின் மேல் நின்று வாழ்ந்து அறிந்தார்.

1923ஆம் ஆண்டில், பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டுப் பெற்றோர் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று உறவினர் இல்லத்தில் விட்டு மீண்டனர். ஒன்பது அகவைச் சிறுவனாகிய பால் அதன்பின் தன் தந்தையைக் காணவில்லை. ஆனால் மலையிலிருந்து தந்தையின் கடிதங்கள் தவறாது வந்தன. அவற்றில் மரமும் செடியும் பூச்சியும் பற்றிய செய்திகள் நிறைந்திருந்தன. 1929ஆம் ஆண்டு சூன் திங்களில், மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி 44ஆம் அகவையில் உயிர்நீத்தார். அச்செய்தி தந்தி வழியாக மகனை அடைந்தது. அதற்குப் பின், தந்தை நோய்ப்படுமுன் எழுதிய கடிதம் கப்பல் வழியாக வந்து சேர்ந்தது! இறந்தவரின் எழுத்து உயிரோடு வந்து பேசியது. மகனுக்கு அவர் வைத்துச் சென்ற செல்வம் அத்தகையது.

ஐம்பதாம் அகவையில் கணவரை இழந்த எவ்லின் அம்மையார் என்ன செய்வார் என்று பலரும் எண்ணியிருப்பர். தாய்நாட்டில் உறவினர் இருந்தனர். வசதியான வாழ்வு காத்திருந்தது. சிலகாலம் அங்குச் சென்று தங்கிய அம்மையார், மீண்டும் தமிழகத்திற்கே வந்தார். எழுபதாம் அகவையை நெருங்கியபோது அவருக்குப் பணியினின்று ஓய்வு அளிக்கப்பட்டது. ஓய்வு பெற்றவர் ஊர் திரும்புவதே உலக வழக்கு. அம்மையாரோ ஓய்வுக்குப் பின் மலையேறினார். தம் கணவர் பணியாற்ற விரும்பிய மலைகள் இன்னும் எஞ்சியிருந்தன. கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய மலைத்தொடர்களுக்கும் மட்டக்குதிரையின் மீது ஏறிச் சென்று நோயாளிகளைக் கவனித்தார். மலைமக்கள் அவரைப் பாட்டி என்றே அன்புடன் அழைத்தனர்.

அக்காலத்தில் அவர் வாழ்ந்த வீடு எத்தகையது? எட்டடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட சிறு குடில் அது. வேண்டும்போது பிரித்து எடுத்துச் சென்று வேறிடத்தில் நிறுத்தத்தக்கது. இலண்டன் மாளிகையில் பிறந்தவர், கணவருடன் மரவீட்டில் வாழ்ந்தவர், முதுமையில் எட்டடிக் குடிலுக்கு வந்து சேர்ந்தார். அகவை ஏற ஏற வீட்டில் பண்டம் பெருகுவதே பெரும்பாலோர் இயல்பு. அம்மையார் வாழ்விலோ அகவை ஏற ஏறப் பண்டம் குறைந்தது. குடில் சிறிதாயிற்று, சென்று பணியாற்றும் மலைகளோ பலவாயின. பெரிய வீட்டைப் பெருக்கவும் துடைக்கவும் பூட்டவும் காக்கவும் செலவாகும் பொழுது முழுவதும் அவருக்கு மிஞ்சியது. அப்பொழுதை அவர் நோயுற்றவர் அருகில் செலவிட்டார்.

குடிலில் இல்லாத பொருள்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. மலையில் வாழ்ந்த இறுதி இருபது ஆண்டுகளில் அம்மையார் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. இளமையில் அழகிய உடையணிந்து விளங்கியவர் முகத்தை வெயிலும் காய்ச்சலும் முதுமையும் சுருக்கியிருந்தன. அச்சுருக்கங்களை எண்ணிக் கவலுறுதற்குக் கண்ணாடி எதற்கு? அவரை எதிர்கொண்ட மலைமக்களின் மலர்ந்த முகங்களே அவருக்குக் கண்ணாடியாக விளங்கின என்னும் கருத்தை அவர் மகனே பின்னாளில் எழுதியுள்ளார்.

எனினும், அம்மையார் எல்லாவற்றையும் வெறுத்து ஒதுக்கியவர் என்று எண்ணுதல் தவறு. அவர் ஓவியர்; மலையின் வனப்பைத் தூரிகையால் தீட்டி மகிழ்ந்தவர். வயிற்றுக்கு உணவு வேண்டுவது போல உள்ளத்திற்கும் சில வேண்டும். ஒருவர்க்கு ஓவியம், ஒருவர்க்கு இசை, ஒருவர்க்கு நல்ல நூல். தமக்கு உண்மையில் வேண்டியது இன்னது என்று தெளிந்தவரே, வேண்டாதது இன்னது என்று துணிந்து விலக்க இயலும். பிறர் வைத்திருக்கின்றனர் என்பதற்காக ஒன்றை வாங்குவதும் பேதைமை; பிறர் விட்டனர் என்பதற்காக ஒன்றை விடுவதும் பேதைமை.

அம்மையாரின் உறுதி பெருஞ்சோதனைக்கு உள்ளாகிய நாள் ஒன்று வந்தது. அப்போது அவருக்கு அகவை 75. குடிலில் தனித்திருந்தவர் கீழே விழுந்தார்; இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையில் வலியோடு கிடந்தார். காலையில் வேலையாள் ஒருவர் வந்து கண்டார். நால்வர் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மலையிலிருந்து சுமந்து இறக்கினர். பின்னர் மேடுபள்ளம் நிறைந்த சாலையில் ஜீப்பு வண்டியில் 150 மைல் தொலைவு சென்றே மருத்துவ உதவி பெற முடிந்தது.

மகன் பால் அப்போது வேலூரில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். அவர் அன்னையாரிடம் பரிவோடு எடுத்துரைத்தார். இந்த அகவையில் மருத்துவர் எவரும் அருகில் இல்லாத மலையில் தனித்து வாழ்வது தகாது. அன்று வேலையாள் வந்தது நற்பேறு. ஒவ்வொரு முறையும் அவ்வாறு நிகழும் என்று நம்ப இயலாது. இனியேனும் சமவெளியில் தங்குதல் வேண்டும் என்று வேண்டினார். அவர் கூறியவை யாவும் நியாயமானவையே. அன்னையாரின் மறுமொழியோ வேறாக இருந்தது. இம்முதிய உடம்பைப் பயன்படுத்தாமல் காத்து வைப்பதனால் ஆவது என்ன என்பதே அவர் கேட்ட கேள்வி. மகனுக்கு விடை கூற இயலவில்லை. அம்மையார் இரு மூங்கிற் கோல்களை ஊன்றிக்கொண்டு மீண்டும் மலைக்கே சென்றார்.

பண்டங்களைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை, தம் உடம்புக்கும் பொருந்தும் என்று அவர் காட்டினார். பொருள் எதுவாயினும் அது பயன்படுத்துவதற்கே உரியது. பூட்டி வைத்து அழகு பார்ப்பதற்கு உரியதன்று. தொண்ணூறு அகவையைக் கடந்து, குதிரையேறவும் இயலாத நிலை வந்தபோது மலைமக்கள் தூளியில் அவரை ஊர்தோறும் சுமந்து சென்றனர். எவரும் தமக்காகச் சுமை தூக்கலாகாது என்று வாழ்ந்தவரை, மக்கள் விரும்பித் தூக்கினர். அன்பினால் சுமப்பது சுமையாகுமோ?

1974ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், 95ஆம் அகவையில் அம்மையார் காலமானார். தம் உடலைப் பெட்டியில் வைத்துப் புதைத்தல் வேண்டா என்று அவர் முன்னரே கூறியிருந்தார். நல்ல மரத்தை அவ்வாறு வீணாக்குதல் அவர்க்கு உடன்பாடன்று. எனவே அவர் விருப்பப்படி எளிய பருத்தித் துணியால் உடலைச் சுற்றி, மலைமண்ணில், கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தனர். ஒரு பிடி சேற்றின் அருமையைப் பற்றி முதியவர் சிறுவர்க்குக் கூறினார் அன்றோ? அம்மலை மண்ணோடு அம்மையார் மண்ணாகக் கலந்தார்.

இவ்வில்லத்தில் வளர்ந்த பால், முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் பயின்று, பின்னரே மருத்துவம் கற்றார். 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப் பயனற்றுப் போன கைவிரல்களை, தசைநார்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை முறையால் மீண்டும் இயங்கச் செய்த முன்னோடிகளுள் தலைசிறந்தவர் அவர். பயனற்றவை என்று உலகம் ஒதுக்கிய கைகளைப் பயனுடையவை ஆக்கிய அம்மருத்துவர் 2003ஆம் ஆண்டில் மறைந்தார். வேண்டாதவற்றை விலக்கக் கற்பித்த வீடு, விலக்கத்தகாதது மனிதன் ஒருவனே என்பதையும் கற்பித்திருந்தது.

பொருளைக் குறைத்தல் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறத்தல் ஆகாது. விரும்பிக் குறைத்தல் வேறு; வறுமையால் இன்றியிருத்தல் வேறு. மருந்தின்றி வாடிய மலைமக்களின் இல்லாமை போற்றத்தக்கது அன்று, நீக்கத்தக்கது. அதனை நீக்குதற்காகவே பிராண்ட் குடும்பத்தார் தம் தேவைகளைக் குறைத்தனர். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் தம் மேலாடையையும் தலைப்பாகையையும் நீத்து, முழங்கால் அளவான ஓர் ஆடையோடு வெளிவந்தார். உடுக்கப் போதிய துணியில்லாத ஏழைமக்களின் நிலையே அவரை அவ்வாறு செய்வித்தது. ஒருவர் மிகையை விடுதற்கும் மற்றொருவர் குறை தீர்தற்கும் தொடர்பு உண்டு என்பதை இத்தகையோர் வாழ்க்கை காட்டுகிறது.

கொல்லிமலை மக்களின் பழைய வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. அவர்கள் வீட்டில் பண்டம் சிலவே. ஆனால் சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்களைத் தொம்பையில் சேமித்து, அடுத்த விதைப்புக்கு வேண்டிய விதையை மட்டும் எத்துணை இடர் வரினும் காத்து வைப்பர். விதையில்லாதவர் அண்டை வீட்டாரிடம் பெற்று விதைத்து, அறுவடைக்குப் பின் மிகுத்துத் திருப்பித் தருவர். எதனைச் சேர்க்க வேண்டும், எதனைச் சேர்க்க வேண்டா என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மரவள்ளி முதலிய பணப்பயிர்கள் பெருகியபோது இச்சிறுதானியங்கள் குறையத் தொடங்கின. அவ்விதைகளைக் காக்கும் முயற்சியில் மலைமக்களோடு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து ஈடுபட்டு வந்துள்ளது.

இனி, நம் இல்லங்களை நோக்குவோம். தள்ளுபடி என்னும் சொல்லைக் கேட்டு வாங்கியவை, தவணை முறையில் எளிது என்று கருதி வாங்கியவை, அண்டை வீட்டில் கண்டு வாங்கியவை என எத்தனையோ பண்டங்கள் பரண் மேலும் கட்டிலின் கீழும் கிடக்கின்றன. நூறு ரூபாய்ப் பண்டத்தை எண்பது ரூபாய்க்கு வாங்கியவர், இருபது ரூபாய் மிச்சம் என மகிழ்கிறார். பண்டம் பயன்படாது கிடப்பின் அவர் இழந்தது எண்பது ரூபாய் அன்றோ? அப்பண்டம் அடைத்துக்கொண்ட இடமும், அதனைத் துடைக்கச் செலவான பொழுதும் அவ்விழப்பின் வட்டி எனலாம்.

இதற்கு நம் முன்னோர் ஒரு நாளையே வகுத்து வைத்தனர். பொங்கலுக்கு முந்திய போகித் திருநாள், வீட்டைத் தூய்மை செய்து வேண்டாதவற்றைக் கழிக்கும் நாளாகும். ஆனால் கழித்தல் என்பது எரித்தல் அன்று. தேய்ந்த உருளைப்பட்டையையும் நெகிழிப் பொருளையும் எரித்து ஊரார் மூச்சில் நஞ்சு கலத்தல் பெருந்தீங்கு. நமக்குப் பயன்படாத ஆடையும் நூலும் பாத்திரமும் மற்றொருவர்க்குப் பயன்படக்கூடும். அவற்றைக் கிழிந்து மங்கும்வரை காத்திருந்து கொடுத்தல் கொடையன்று. நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்தலே கொடை.

செலவைச் சுருக்க விரும்பும் குடும்பம் முதலில் கணக்கு எழுதக் கற்றல் வேண்டும். ஒரு திங்கள் முழுவதும் செலவிட்ட ஒவ்வொரு காசையும் குறித்து, திங்களிறுதியில் வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து நோக்குதல் நன்று. உணவு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் கைவைத்தல் கூடாது. அவை பிராண்ட் வீட்டுத் தூணில் பொருத்திய தகடு போன்றவை. எஞ்சியவற்றுள் எது இன்றியமையாதது, எது ஆசைக்காக வாங்கியது, எது பிறர் கண்ணுக்காக வாங்கியது எனப் பகுத்தால் வழி தானே புலப்படும். பெற்றோர் மட்டும் குறைத்துக்கொண்டு பிள்ளைகள் குறையாதிருத்தலும், பெண்டிர் பங்கிலேயே குறைத்து ஆடவர் பங்கைத் தொடாதிருத்தலும் முறையன்று. குடும்பத்தின் சுமையைக் குடும்பத்தார் அனைவரும் பகிர்ந்து குறைத்தல் வேண்டும்.

மாணவரும் தம் அளவில் இதனைத் தொடங்கலாம். எழுதாத தாள் எஞ்சிய பழைய குறிப்பேட்டை முடித்த பின் புதியதை வாங்குதல், படித்து முடித்த பாடநூலைக் கீழ்வகுப்பு மாணவர்க்கு அளித்தல், மை தீர்ந்த எழுதுகோலுக்கு மைக்குழல் மட்டும் மாற்றுதல் ஆகியன எளிய செயல்களே. வாங்கும்போது, ‘இதனைச் சுமப்பவர் யார்?’ என்று ஒருமுறை தம்முள் கேட்டுக்கொண்டால் போதும். பணத்தை ஈட்டிய தந்தையின் தோளும், வீட்டைப் பேணும் தாயின் கையும், பண்டத்தைச் செய்த தொழிலாளியின் உழைப்பும் கண்முன் தோன்றும்.

ஓரி கொடுத்தான், கொடுப்பதற்குத் தடையாக நிற்கும் பற்று அவனிடம் இல்லை. எவ்லின் அம்மையார் குறைத்தார்; குறைத்ததனால் தம்மையே கொடுக்க முடிந்தது. இருவர் கையும் திறந்த கைகளே. பண்டத்தை இறுகப் பற்றிய கை, பிறர் கையைப் பற்ற இயலாது. எட்டடிக் குடிலில் ஒருவர்க்கு மட்டுமே இடமிருந்தது. அங்கு வாழ்ந்தவர் உள்ளத்திலோ மலை முழுவதற்கும் இடமிருந்தது.

பயிற்சி

1. ‘பொருள்’ என்னும் சொல்லின் பல்வேறு பொருள்களை எழுதுக. அவை இப்பாடத்தின் கருத்தோடு எவ்வாறு பொருந்துகின்றன?
2. தூணில் பொருத்திய தகட்டினால் சிக்கனத்தின் இலக்கணம் எவ்வாறு விளங்குகிறது?
3. நெல்வயலில் முதியவர் சிறுவர்க்கு உணர்த்திய உண்மை யாது?
4. மகன் பாலின் வேண்டுகோளையும் அன்னையாரின் மறுமொழியையும் உரையாடலாக அமைத்து எழுதுக.
5. விரும்பிக் குறைத்தலுக்கும் வறுமையால் இன்றியிருத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
6. உங்கள் வீட்டில் ஒரு திங்கள் செலவுக் கணக்கை எழுதி, குறைக்கத்தக்கவற்றைப் பெற்றோருடன் கலந்து பேசிக் குறித்து வருக.